ஷார்ட் சேலுக்கு வீட்டைத் தயார் செய்தல்: எதைச் சரிசெய்வது, எதைப் படம் பிடித்து வைப்பது

வங்கிக்கு 1,60,000 டாலர் பாக்கி. வீடோ இன்றிருக்கும் நிலையில் 1,10,000-க்கு மேல் போகாது. பாக்கியைவிடக் குறைந்த அந்த விலைக்கு விற்கவும், அடமானத்தை விடுவிக்கவும் வங்கி சம்மதித்தால் அதற்கு அமெரிக்காவில் ஷார்ட் சேல் என்று பெயர். விற்பவர் கைக்கு விற்பனைப் பணம் வராது. வீடு மாறும் செலவுக்கென்று கடன் திட்டம் ஏதாவது கொடுத்தால் உண்டு. இதனால் ரிப்பேர்க் கணக்கே மாறிவிடுகிறது. சாதாரண விற்பனையில் சமையலறை மேடைக்குப் போட்ட 3,000 டாலர் விலையில் திரும்பி வரலாம். இங்கே அது திரும்பினாலும் வங்கிக்குத்தான் போகும்.

அதனால் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் தண்ணீர் புகுவதை நிறுத்த வேண்டும். வாங்குபவருடைய கடனை மறிக்கும் குறைகளை எடுக்க வேண்டும். மிச்சத்தை அளந்து, படம் பிடித்து, ஒப்பந்தக்காரரின் செலவு மதிப்பீட்டுத் தாளோடு வங்கிக்குக் காட்டும் கோப்பில் வைக்க வேண்டும். தரைவிரிப்பு, சுவர் நிறம், குளியலறை ஓடு எல்லாம் இந்த மூன்றாவது வகை, அவற்றைத் தொட வேண்டாம்.

கணக்குக்கு ஒரு வகை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓஹையோவில் கிளீவ்லேண்டை ஒட்டிய புறநகரில், 1950களில் கட்டிய மரச்சட்ட வீடு. தரைத்தளம் மட்டும், சுமார் 1,100 சதுர அடி, அடியில் பேஸ்மென்ட், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ், 40 கேலன் வாட்டர் ஹீட்டர், அரை அங்குலச் செம்புக் குழாய்கள், தார் ஷிங்கிள் (தார் பூசிய மெல்லிய தகடுகள்) வேய்ந்த கூரை. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். முன்னால் குளிர்காலம்.

முதல் டாலருக்கு முன்

கருவியை எடுப்பதற்கு முன் டைட்டில் தேடல் அறிக்கை ஒன்றை வாங்கிப் பாருங்கள். இரண்டாவது அடமானம், வரி பாக்கி, கட்டாத தண்ணீர் பில் எல்லாம் அங்கே தெரியவரும். ஓஹையோவில் கட்டாத தண்ணீர் பில்லையும், நகராட்சி புல் வெட்டிய கூலியையும் சொத்துவரியோடு சேர்த்துவிட முடியும். அப்படிச் சேர்ந்துவிட்டால், விற்பனையை முடிக்கும் நாளில் யார் கட்டுவது என்று வங்கியோடு புதிதாக ஒரு வழக்காடல் தொடங்கும்.

ஒப்பந்தக்காரர்களிடம் இன்னும் கவனம் தேவை. கூலி பாக்கி இருந்தால் அவர் வீட்டின்மேல் மெக்கானிக்ஸ் லீன், அதாவது கூலிக்கு ஈடான உரிமைப் பதிவு, போடலாம். 600 டாலர் பாக்கிக்கு விழுந்த லீன்கூட விற்பனையை வாரக்கணக்கில் நிறுத்திவிடும். வேலை முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்து, லீன் விடுப்பில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடனுக்கு வேலை செய்கிறேன், வீடு விற்றதும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவரை இந்த வீட்டுக்குள் விடக் கூடாது. விற்ற பணத்தில் அவருக்கென்று எதுவும் இருக்காது.

ஷேக்கர் ஹைட்ஸ், கிளீவ்லேண்ட் ஹைட்ஸ் போன்ற ஊர்களில் வீடு கைமாறும்போது நகராட்சியின் 'பாயின்ட் ஆஃப் சேல்' ஆய்வு உண்டு. குறைப்பட்டியல் கொடுப்பார்கள். விற்பவர் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வாங்குபவர் எஸ்க்ரோவில் (மூன்றாம் ஆளிடம் வைக்கும் ஈட்டுக் கணக்கில்) பணம் கட்டிப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஷார்ட் சேலில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். பலர் இந்த ஆய்வைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள். முதலிலேயே செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் நகராட்சி முத்திரையோடு வரும் குறைப்பட்டியலைவிட வலுவான சான்றை வங்கிக்குக் காட்ட முடியாது.

தண்ணீர்

குளியலறை உட்கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தால் உடனே கூரை முழுவதையும் சந்தேகப்பட வேண்டாம். கூரையைத் துளைத்து வெளியே நிற்கும் வென்ட் குழாயின் (கழிவுக்குழாய்க்குக் காற்று விடும் குழாய்) ரப்பர் காலரை முதலில் பாருங்கள். வெயிலில் காய்ந்து, பெரும்பாலும் சரிவின் மேல்பக்கத்தில் வெடித்திருக்கும். மழைநீர் குழாயை ஒட்டியே இறங்கி உட்கூரைப் பலகையில் சொட்டும். ஷிங்கிளைப் பிரிக்க வேண்டியதில்லை. குழாயின் தலை வழியாகக் கீழே தள்ளி, பழைய காலரின் மேலேயே அமர்த்தும் ரிப்பேர் காலர் கடையில் கிடைக்கும். 20 டாலருக்குள் வேலை முடியும். அளவில்தான் தவறு நடக்கும். 3 அங்குல பிவிசி குழாயின் வெளி விட்டம் 3½ அங்குலம், பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்கு அது வேறு. ஒரு நூலைச் சுற்றி, அதன் நீளத்தை 3.14-ஆல் வகுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தார்ப் பசையை அப்பிவிட்டு வந்தால் ஓரிரு குளிர்காலத்தில் அதுவும் வெடிக்கும்.

ஓரிரண்டு ஷிங்கிள் பறந்திருந்தால் காலைக் குளிரில் வேலை செய்யுங்கள். வெயில் ஏறினால் தார்ப் பட்டை இளகி ஒட்டிக்கொள்ளும், மேல் ஷிங்கிள் கிழிந்துவிடும். தட்டைக் கடப்பாரையால் மேல் வரிசையின் ஒட்டைப் பிரித்து ஆணிகளை எடுத்து, புதியதைச் செருகி, 1¼ அங்குல கால்வனைஸ் ஆணி நான்கு அடிக்க வேண்டும். குளிர் நாளில் ஒட்டுப்பட்டை தானாகப் பிடிக்காது. ஷிங்கிளின் கீழ்விளிம்பில் தொங்கும் ஒவ்வொரு நாக்குக்கும் அடியில் காசளவு தார்ப் பசை வைத்து அழுத்துங்கள். கூரை முழுதும் கிழடு தட்டியிருந்தால் இந்த வேலையே வீண். மதிப்பீடு வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் மட்டும் தார்ப்பாயை மரப் பட்டியால் அடித்து நிறுத்துங்கள். செங்கல் வைத்த தார்ப்பாய் முதல் காற்றிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பேஸ்மென்ட் சுவர் ஈரமாக இருந்தால் அஸ்திவாரம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே போய்க் கூரையோரக் கால்வாயைப் பாருங்கள். இலை அடைத்து, தண்ணீர் சுவரோரமாகவே கொட்டிக்கொண்டிருக்கும். கால்வாயைச் சுத்தம் செய்து, இறங்கு குழாயின் அடியில் நீட்டிப்பு போட்டு, சுவரிலிருந்து 6 அடி தள்ளித் தண்ணீரை விடுங்கள். முதல் 10 அடியில் மண் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். இரண்டு மழை பார்த்த பிறகும் ஈரம் வந்தால் அப்போது அஸ்திவாரக்காரரைக் கூப்பிடலாம். அவருடைய மதிப்பீடும் கோப்புக்குத்தான்.

பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்பின் குழியில் 5 கேலன் வாளித் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றுங்கள். மிதவை மேலெழுந்து பம்ப் ஓடி, நின்ற பிறகு தண்ணீர் குழிக்குள் திரும்பி வராமல் இருக்க வேண்டும். திரும்பினால் செக் வால்வு போய்விட்டது.

பூஞ்சை விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈ.பி.ஏ. காட்டும் கோடு 10 சதுர அடி. அதற்கு உட்பட்டதைச் சொந்தமாகச் செய்யலாம், மேலே போனால் அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிடுவது நல்லது. நனைந்த ஜிப்சம் பலகையைத் துடைத்துப் பயனில்லை. ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை அறுத்து எடுத்து, பின்னால் உள்ள பஞ்சையும் இரட்டைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். என்-95 முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம். பிறகு ஈரமகற்றும் கருவியை 50 விழுக்காட்டில் வைத்து ஓட விடுங்கள். அறுத்த இடத்தில் புதுப் பலகை போட வேண்டாம். சுவர் காய்ந்து திறந்து கிடப்பதை வாங்குபவர் நம்புவார், புதுப் பெயின்ட் அடித்த பேஸ்மென்ட் சுவர்மேல் சந்தேகம்தான் வரும். ஓஹையோவில் விற்பவர் நிரப்பும் சொத்து வெளிப்படுத்தல் படிவம் தண்ணீர்க் கசிவையும் பூஞ்சையையும் கேட்கிறது. மறைத்தால் அது பின்னால் வழக்காகத் திரும்பும்.

வாங்குபவரின் கடனை மறிப்பவை

இந்த விலை வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் எஃப்.எச்.ஏ. கடனில், அதாவது அரசு காப்பீடு செய்யும் வீட்டுக்கடனில், வருவார்கள். அதன் மதிப்பீட்டாளர் அழகைப் பார்ப்பதில்லை. பாதுகாப்பும் நிலைப்பும்தான் அவருக்குக் கணக்கு. கூரைக்கு இன்னும் 2 ஆண்டு ஆயுள் வேண்டும். குழாய் ஓடும் பகுதிகளை ஹீட்டிங் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டிலாவது வைத்திருக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் ஓடும் நிலையில் அவர் பார்க்க வேண்டும். இவற்றில் கையளவு செலவில் முடிகிறவை சில.

வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வில் வெளியேற்றக் குழாய் இல்லாமல் மொட்டையாக நிற்பது மிகச் சாதாரணம். முக்கால் அங்குலச் செம்பு அல்லது சிபிவிசி குழாய், கீழ்நோக்கிச் சரிந்து, தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் முடிய வேண்டும். நுனியில் மரை இருக்கக் கூடாது. மரை இருந்தால் சொட்டுகிறதே என்று யாராவது மூடியைத் திருகிவிடுவார்கள், அப்புறம் அந்தத் தொட்டி வெடிகுண்டுதான்.

பழைய இரண்டு துளை அவுட்லெட்டுகளை எடுத்துவிட்டு மூன்று துளை போட்டு மறைக்க வேண்டாம். எர்த் கம்பியே இல்லாத பெட்டி அது, டெஸ்டரைச் செருகியதும் விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். விதிப்படியான வழி மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. அவுட்லெட் போட்டு, 'நோ எக்விப்மென்ட் கிரவுண்ட்' ஒட்டுத்தாளை மேலே ஒட்டுவது. மின்பேனலிலிருந்து வரும் கம்பி 'லைன்' முனைக்குப் போக வேண்டும். 'லோடு' முனையில் மாட்டினால் இப்போது வரும் ஜி.எஃப்.சி.ஐ. ரீசெட் ஆகாது. சாமான் கெட்டது என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் முனையை மாற்றி மாட்டியவர்களாக இருப்பார்கள்.

உரிந்த பெயின்ட் தனி விவகாரம். 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர் ஜன்னல் சட்டத்தில் உரிந்த பெயின்டைப் பார்த்தால் எழுதாமல் விடமாட்டார். வெளிச்சுவரில் செய்யும்போது தரையில் 10 அடி அகலத்துக்கு பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே சுரண்டி, பிரைமரும் ஒரு கோட்டும் அடித்தால் போதும். காய்ந்த நிலையில் மணல்தாள் போடுவது, தீச்சுவாலை காட்டுவது இரண்டும் கூடாது. கூலிக்கு ஆள் வைத்தால் அவர் ஈ.பி.ஏ. சான்று பெற்றவராக இருக்க வேண்டும். ஈயம் பற்றிய கைப்பிரதியை வாங்குபவருக்குக் கொடுப்பதும், சோதனை செய்ய 10 நாள் அவகாசம் கொடுப்பதும் கூட்டாட்சிச் சட்டம்.

உடைந்த கண்ணாடி, மூடியில்லாத சுவிட்ச் பெட்டி, தொங்கும் கம்பி, கைப்பிடி இல்லாத பேஸ்மென்ட் படி எல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. ஃபர்னஸே செத்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வீட்டை ரொக்கக்காரரோ, ரிப்பேரையும் கடனில் சேர்க்கும் 203-கே கடன்காரரோ வாங்கட்டும்.

வங்கிக்குக் காட்டும் கோப்பு

வங்கி விலையை முடிவு செய்வது பி.பி.ஓ. என்ற தரகர் மதிப்பீட்டை வைத்து. வரும் தரகர் சில நிமிடம்தான் நிற்பார். சில நேரம் காரை விட்டே இறங்காமல் போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும் வீட்டுக்கு, ஒழுங்கான வீட்டின் விலையை எழுதிவிடுவார். அப்படி எழுதினால் வந்த ஆஃபரை வங்கி நிராகரிக்கும், மூன்று மாத வேலை வீணாகும். ஆகவே உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டு விற்பனை ஏஜென்ட் வற்புறுத்தி, நேரில் நின்று கோப்பைக் கையில் கொடுக்க வேண்டும்.

படம் எடுப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம்: அறை முழுதும் தெரியத் தள்ளி நின்று ஒன்று, அளவு நாடாவை வைத்து நெருங்கி ஒன்று. 'பேஸ்மென்ட், வடக்குச் சுவர், விரிசல், 7 அடி நீளம்' என்று கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கூடவே கூரை, அஸ்திவாரம், ஃபர்னஸ் மூன்றுக்கும் தேதியும் வேலை வாரியான விலையும் உள்ள எழுத்து மதிப்பீடுகள். அப்புறம் அதே வட்டாரத்தில் அதே நிலையில் சமீபத்தில் விற்ற மூன்று வீடுகளின் விலை. குறையைக் காட்டுவது வேறு, குறையை உண்டாக்குவது வேறு. ஓட்டையைப் பெரிதாக்கி விலையைத் தட்டிவிடுவதும், உறவினர் பெயரில் வாங்கித் திரும்பக் குடிவருவதும் வங்கி மோசடி. இதற்காகவே எல்லாத் தரப்பும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று பிரமாணப் பத்திரம் வாங்குகிறார்கள்.

குளிர்காலப் பூட்டு

வங்கியின் முடிவுக்குக் காத்திருப்பது மாதக்கணக்கு. எரிவாயுவைத் தொடர்ந்து கட்ட முடிந்தால் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, தண்ணீரின் மெயின் வால்வை மூடினால் போதும். முடியாதென்றால் குழாய்களை வடிக்க வேண்டும். தண்ணீர் உறைந்தால் 9 விழுக்காடு பெருக்கும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனி பிடித்த இடத்தில் அல்ல, பனிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறும் இடத்தில். வடித்த பின் எல்லா டேப்பையும் திறந்தே விடச் சொல்வது இதனால்தான்.

வரிசை முக்கியம். முதலில் வாட்டர் ஹீட்டரை அணையுங்கள். மின்சார ஹீட்டராக இருந்து தொட்டி வடிந்த பிறகும் பிரேக்கர் ஓடினால், உள்ளிருக்கும் எலிமென்ட் நிமிடத்தில் கருகிவிடும். பிறகு மெயின் வால்வு. மீட்டரே உறையும் இடத்தில் இருந்தால் தெருவிலேயே மூடும்படி தண்ணீர்த் துறையிடம் சொல்லுங்கள். பேஸ்மென்டில் ஆகத் தாழ்ந்த டேப்பைத் திறந்து, மேலே எல்லா டேப்பிலும் சூடு, குளிர் இரண்டு பக்கமும் திறந்து, டாய்லெட்டை ஃப்ளஷ் செய்து, தொட்டியில் மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஹீட்டரின் அடி வால்வில் ஹோஸ் மாட்டி, மேலே பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கினால்தான் காற்று போய்த் தொட்டி வடியும். வண்டல் அடைத்து நூலாக ஒழுகினால் ஹோஸை ஒருமுறை மிதித்து விடுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

அடுத்தது கம்பிரசர். வாஷிங் மெஷின் டேப்பில் அடாப்டர் வைத்து, 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகாமல் காற்றை விடுங்கள். எல்லா டேப்பையும் மூடிவிட்டு, தூரத்தில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, நீர் துப்புவது நின்று வெறும் காற்று வரும்வரை பொறுங்கள். மறந்துபோகிறவை எப்போதும் இவைதான்: ஷவர், ஃப்ரிட்ஜின் ஐஸ் குழாய், பாத்திரம் கழுவும் மெஷின், வெளி டேப்புக்கு உள்ளே இருக்கும் சின்ன வால்வின் பக்கவாட்டு மூடி.

கடைசியாக, வடிகால்களில் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவம், ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ். காருக்கு ஊற்றும் பச்சைச் சாமான் நச்சு, அதை வீட்டுக்குழாயில் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு சிங்க், குளியல் தொட்டி, ஷவர் வடிகாலிலும் அரை லிட்டர், டாய்லெட்டுக்கு ஒரு லிட்டர், பேஸ்மென்ட் தரை வடிகாலுக்கு ஒரு லிட்டர். ஒரு குளியலறை வீட்டுக்கு 2 கேலன், இரண்டு என்றால் 3 முதல் 4 கேலன். புட்டியில் மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கு கெடும். ட்ராப்பில் (வடிகாலின் அடியில் நீர் தங்கும் வளைவில்) பழைய தண்ணீர் முழுக்க வெளியேறி இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்வரை ஊற்றுங்கள்.

மெயின் பிரேக்கரை மட்டும் இறக்காதீர்கள். குளிர்காலப் பூட்டு என்றாலே மின்சாரத்தையும் நிறுத்துவது என்று நினைக்கும் ஆட்கள் உண்டு. மார்ச்சில் பனி உருகும்போது சம்ப் பம்ப் ஓடாது, பேஸ்மென்டில் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நிற்கும். பேனலில் சம்ப் பிரேக்கர்மேல் ஒட்டுநாடா ஒட்டி எழுதிவையுங்கள். மெயின் வால்விலும், எல்லா டாய்லெட்டிலும், முன்கதவிலும் தேதியோடு அட்டை தொங்க வேண்டும். சுடுநீர் பாய்லரும் ரேடியேட்டரும் உள்ள வீடு என்றால் இதையெல்லாம் பிளம்பரிடம் விடுங்கள், அது வேறு வித்தை.

ஆய்வுக்காகத் திரும்பத் திறக்கும்போது முதலில் காற்றுச் சோதனை. 40 பி.எஸ்.ஐ. ஏற்றி 20 நிமிடம், முள் அசையக் கூடாது. இறங்கினால் சோப்பு நீரோடு தேடுங்கள். பிறகு ஒருவர் பேஸ்மென்டில் நின்றுகொண்டு, மெயின் வால்வைக் கால் திருப்பு மட்டும் திறக்க வேண்டும். சூடு பக்க டேப்பில் துப்பாமல் நீர் வந்த பிறகே ஹீட்டருக்கு நெருப்பு.

காத்திருக்கும் மாதங்கள்

காலி வீட்டில் 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு திருட்டு, கண்ணாடி உடைப்பு, நாசவேலை, உறைந்த குழாய் போன்றவற்றுக்குச் சாதாரணக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பாலிசியில் காலி வீட்டுப் பிரிவைப் படித்து, தேவையென்றால் தனிப் பாலிசி எடுங்கள். வாரம் ஒருமுறை போய், தேதி, உள்வெப்பம், சம்ப் குழியின் நீர்மட்டம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். 2007 வாக்கில் கிளீவ்லேண்டின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியில் காலி வீடுகளிலிருந்து செம்புக் குழாயையும் அலுமினியச் சுவர்த்தகட்டையும் உரித்துக்கொண்டு போனார்கள். டைமர் வைத்த இரண்டு விளக்கும், வெட்டிய புல்லும், தேங்காத தபாலும் மலிவான காவல். ஃபர்னஸ், ஹீட்டர், பதித்த அடுப்பு எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை, அவற்றைக் கழற்றி விற்றால் விற்பனையே கெடும்.

தவணை நின்றதும் வங்கியும் ஆள் அனுப்பிப் பார்க்கும். காலி என்று எழுதிவிட்டால் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து பின்கதவுப் பூட்டைத் துளைத்து மாற்றுவார். வீடு விற்பனையில் இருக்கிறது, வாராவாரம் கவனிக்கப்படுகிறது, தொடர்புக்கு இந்த ஏஜென்ட் என்று கதவில் ஒட்டிவைப்பதோடு, வங்கிக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

காகிதத்தில் இரண்டு மட்டும் சொல்லலாம். கடனுக்காக வீட்டை விற்கும் ஷெரிஃப் ஏலத் தேதிக்கு 37 நாளுக்கும் மேல் இருக்கும்போதே ஷார்ட் சேல் விண்ணப்பம் வங்கிக்கு முழுமையாகப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் ஏலத்தை நிறுத்திவைக்கும் கூட்டாட்சி விதியின் பாதுகாப்பு கிடைக்கும். வங்கிக் கணக்குத் தாளில் வெற்றுப் பக்கத்தை விட்டாலும் முழுமையில்லை என்று திருப்புவார்கள். இரண்டாவது, ஒப்புதல் கடிதத்தில் மீதிக் கடனைக் கேட்கமாட்டோம் என்ற வரி வெளிப்படையாக இருக்க வேண்டும். லீனை, அதாவது வீட்டின்மேல் உள்ள அடமானப் பிடியை, விடுவிக்கிறோம் என்று மட்டும் இருந்தால் அது போதாது. வங்கி தள்ளுபடி செய்த தொகைக்கு 1099-சி என்ற வரிப் படிவம் வரும். வரியில் அதை எப்படிக் காட்டுவது, தள்ளுபடியான கடனை வருமானத்திலிருந்து விலக்கும் 982 படிவம் பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

முடிக்கும் நாளில் மூன்று மீட்டரையும் படம் எடுங்கள். பூட்டிய நிலையிலேயே வீட்டைக் கொடுப்பதானால் மெயின் வால்வு அட்டையின் படமும் சாவியோடு போகட்டும். பத்திரம் பதிவாகி, மின்கணக்கு புதியவர் பெயருக்கு மாறும்வரை உங்கள் கணக்கை மூட வேண்டாம். அந்த இடைவெளி இரண்டு நாளாக இருந்தாலும் சம்ப் பம்ப் ஓடியாக வேண்டும்.